பொருள்: வராந்தாவில் நால்வர் அமர்ந்தது – தொடர்பாக

நன்னடத்தைப் பிணையில் உள்ள ஒருவர் கோட்ட எல்லையைத் தாண்டிச் செல்ல விரும்பினால் எழுத்து மூலம் மனுச் செய்ய வேண்டும். மனுவில் காட்டப்பட்ட காரணம் உயிர் தொடர்பானதாக இருந்தால், மனு பெறப்பட்ட அன்றே அதன் மேல் ஆணை பிறப்பிக்க வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் நடைமுறைத் தொகுப்பில் இந்த விதி இருந்தது. ‘அன்றே’ என்ற சொல்லுக்குக் கீழே யாரோ சிவப்பு மையால் கோடுகூடப் போட்டிருந்தார்கள். கோடு போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். விதி மட்டும் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் அங்கேயே இருந்தது.

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு விதிகளைப் பற்றி எழுதும்படி நம் ஊழியர் சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். விதி நன்றாகத் தெரிந்த ஒருவன் அதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்துவிட முடியும் என்பது புத்தகத்தில் இல்லை. அதைச் சொல்கிறேன். எனக்கு அனுபவம் உண்டு.

அப்போது நான் இளநிலை உதவியாளன். தஞ்சை ஜில்லாவில் ஒரு கோட்ட அலுவலகம். பெயர் வேண்டாம், கட்டடம் இன்னும் நிற்கிறது. பொது அமைதி பற்றிய கோப்புகள் என் மேசையில் இருந்தன. அந்த நாளில் அதைவிடச் சுறுசுறுப்பான மேசை ஜில்லாவிலேயே கிடையாது. வயலில் நெல் முற்ற முற்ற எங்கள் கோப்பும் முற்றும். கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்பார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்குவார். வரப்பில் கைகலப்பு நடக்கும். போலீஸ் அறிக்கை எங்களுக்கு வரும். அறிக்கையில் கண்ட அத்தனை பேரையும் கூப்பிட்டு, ஒரு வருஷத்துக்கு ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதி வாங்குவோம். அடித்தவன், அடி வாங்கியவன், வேடிக்கை பார்க்க வந்தவன் எல்லோரும் எழுதிக் கொடுப்பார்கள். மிராசுதார்களின் நன்னடத்தையில் மட்டும் யாருக்கும் சந்தேகம் எழுந்ததாகப் பதிவேடுகளில் காணப்படவில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குறுவை அறுவடையின்போது அப்படிப் பதினான்கு பேர் சிக்கினார்கள். ஏழாவது பெயர் கலியபெருமாள், விவசாயக் கூலி. தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அனுமதி இல்லாமல் கோட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பது அவருக்கு நிபந்தனை. சட்டத்தில் இந்த நிபந்தனை கிடையாது. எங்களிடம் இருந்த அச்சடித்த படிவத்தில் இருந்தது. படிவமோ இரண்டு பீரோ நிறைய இருந்தது.

கலியபெருமாளுக்கு ஒரே மகள், தமிழரசி. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பிறவியிலேயே அவள் இதயத்தில் ஓட்டை. முப்பது நாற்பது அடி நடந்தால் நாவல்பழம் தின்ற மாதிரி உதடு நீலமாகிவிடும். உடனே குந்திவிடுவாள். முழங்காலை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு குந்தியிருந்தால் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். இந்த நோய் உள்ள குழந்தைகள் யாரும் சொல்லித் தராமல் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் வைத்தியம் இது என்று ஒரு டாக்டர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாள் வீட்டை விட்டு வரவே மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தார் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். அவள் குந்தினால் எல்லோரும் குந்துவார்கள். அப்பா பக்கத்தில் இருக்கும் புல்லைப் பிடுங்குவார். அம்மா அஞ்சம்மாள் கொண்டையை அவிழ்த்து முடிவார். அப்பாவின் அக்கா ராசாம்பாள் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளுவார். யாரும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். எழும்போது மட்டும் ராசாம்பாள், “தமிழு, கையக் குடுடி, முட்டி புடிச்சிக்கிச்சு” என்று அவள் கையைப் பிடித்து எழுவார். ஆக அந்தப் பிள்ளை தனக்காக மற்றவர்கள் உட்கார்ந்ததாக நினைக்கவில்லை. அத்தைக்காகத்தான் எல்லோரும் அடிக்கடி நிற்கவேண்டியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நான் செய்ததை நீங்கள் முழுமையாக அனுபவிக்க வேண்டும் என்பதே காரணம்.

தை பிறந்த சமயம் கலியபெருமாள் முதல் மனுவைக் கொண்டுவந்தார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். மாசி முதல் வாரம் சேர்க்க வேண்டும், தகப்பனார் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கடிதம் சொன்னது. மனுவைப் படித்தேன். தேதி இல்லை. பிணை எண் இல்லை. கடித நகலில் சான்றொப்பம் இல்லை. மூன்று குறையையும் அழகான கையெழுத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நான்கு நாளில் எல்லாவற்றையும் சரி செய்துகொண்டு வந்தார். இப்போது எனக்கு வேறு ஒரு நுட்பம் தோன்றியது: கடிதத்தில் குறிப்பிடப்படும் குழந்தை மனுதாரரின் குழந்தைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

“பிள்ளையையே இட்டாந்து காட்டட்டுங்களா சார்?” என்றார்.

“தாராளமாக” என்றேன். நகைச்சுவையாகப் பேசியதாக எனக்கு நினைப்பு.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது மனுவோடு அவர்கள் வந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் சிவப்புத் துண்டோடு எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து, சப் கலெக்டர் வெளியே போக முடியாமல் மூன்று மணி நேரம் வழி மறித்திருந்தார்கள். இனி வராந்தாவில் யார் உட்கார்ந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் போக வேண்டும், நகல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு வந்திருந்தது. தலைமை எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். பிரிவில் நான் ஒருவன்.

வாசலில் நிற்கும் டவாலி ஓடி வந்தார். “சார், நாலு பேரு குந்திட்டாங்க சார். சிவப்புத் துண்டு. எழுந்திரிங்கன்னு சொன்னா எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று முதுகுகளும் ஒரு சிவப்புத் துண்டும் தெரிந்தன. நான்காவது ஆள் அவர்களுக்கு முன்னால் மறைந்திருந்தார். என் நாற்காலிக்கும் வராந்தாவுக்கும் இடையே பன்னிரண்டு அடி இருக்கும். பிற்பாடு அளந்து பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு அடி நடக்காமல் தாளை எடுத்து இரண்டு வரி எழுதினேன்: ‘இன்று பகல் அலுவலக வராந்தாவில் நால்வர் அமர்ந்து எழ மறுக்கின்றனர். தக்க நடவடிக்கைக்காக.’ எண் போட்டு, டவாலியிடம் பெயர் கேட்டு எழுதச் சொல்லி, நகலைத் தபாலில் சேர்த்தேன். மொத்தம் ஏழு நிமிஷம். உத்தரவில் கண்ட நேரத்தைவிட மூன்று நிமிஷம் மிச்சம். அன்று என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

காவல் நிலையம் எதிர்ச்சாரியில்தான். சப் இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார்.

“யாரும்மா இதுக்குத் தலைவர்?”

ராசாம்பாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: “இந்தா, நடுவுல இருக்கால்ல, இவதாங்க. இவ எழுந்திரிச்சா நாங்களும் எழுந்திரிச்சிடுவோம்.”

“வம்பு பண்ணாதீங்க. கோரிக்கை என்ன, சொல்லுங்க.”

“மூச்சு வரணுங்கய்யா. வேற ஒண்ணும் கேக்கல.”

சப் இன்ஸ்பெக்டர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிள்ளையின் முகம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, அவரும் குந்திவிட்டார். டவாலி மறுபடி ஓடி வந்தார்: “சார், எஸ்.ஐ.யும் குந்திட்டாரு சார்!”

கொஞ்ச நேரம் கழித்து ஐவரும் எழுந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து என் தாளை மேசை மேல் வைத்தார். “என்ன சார் இது? சீக்குப் பிள்ளை சார். கிழிச்சுப் போடுங்க.”

கிழிக்கலாம். எண்ணைக் கிழிக்க முடியாது. நகலும் தபாலில் போய்விட்டது.

தலைமை எழுத்தர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்படாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. “தம்பி, பிணையில இருக்கிறவன் போராட்டம் பண்ணான்னு எழுத்துல போயிடுச்சு. நிபந்தனைய மீறினவன் மனு மேல நம்ம ஐயா ஆணை போட முடியாது. மேல அனுப்பித்தான் ஆகணும்” என்றார்.

‘அன்றே’ என்ற சொல்லுக்குக் கீழே இருந்த சிவப்புக் கோடு அந்தத் திங்கட்கிழமையோடு செல்லாமல் போனது. அந்தப் பிள்ளை மூச்சு வாங்கியது, இரண்டு வரியில், சட்டவிரோதச் செயலாக மாறிவிட்டது. எழுதியவன் விதி தெரிந்தவன் என்பதால் வேலை சுத்தமாக இருந்தது.

மேலே போன கோப்புக் கேள்விகளோடு கீழே வந்தது. அமர்ந்த நால்வரில் எத்தனை பேர் சங்க உறுப்பினர்? நான்காமவர் மைனர் எனில் அவரைத் தூண்டியவர் யார்? நோய் எப்போதிலிருந்து உள்ளது, பிறவியிலிருந்து எனில் இப்போது திடீரென்று என்ன அவசரம்? சிகிச்சையை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ள இயலுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினோம். மைனரைத் தூண்டியது அவரது இதயம் என்று நான் எழுதிய வரியைத் தலைமை எழுத்தர் அடித்துவிட்டார்.

என்னிடம் ஒரே ஒரு வழி இருந்தது. என் தகவல் தவறு, நான் நேரில் போய்ப் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று ஒரு குறிப்பு வைத்தால் மீறல் என்ற பேச்சே இல்லாமல் போகும். ஆணை எங்கள் அலுவலகத்திலேயே பிறந்துவிடும். தலைமை எழுத்தரிடம் கேட்டேன்.

“தாராளமா எழுது. தப்புன்னு எழுதினா, யாரு செஞ்ச தப்புன்னு கேப்பாங்க. உனக்குத் தகுதிகாண் பருவம் இன்னும் முடியல. யோசிச்சுக்க.”

யோசித்தேன். ஆறு நாள் யோசித்தேன். அந்த ஆறு நாளும் காலை பத்து மணிக்கு, எதிர்ச்சாரியில் கலியபெருமாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு நாளும் எங்கள் படி வரைக்கும் வந்து, டவாலியிடம் “வந்துச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார். ஏழாம் நாள் குறிப்பை எழுதினேன். அதற்குள் கோப்பு எங்கள் பதில்களோடு மறுபடி மேலே போயிருந்தது. சப் கலெக்டர் படித்துவிட்டு, கோப்பு மேலே இருக்கும்போது கீழே ஆணை பிறப்பிப்பது மரபல்ல என்று சொல்லி, என் குறிப்பையும் மேலே அனுப்பினார். ஆறு நாள் முன்னால் எழுதியிருந்தால் கோப்பு எங்களிடம்தான் இருந்தது. இந்தக் கதையில் மற்றத் தாமதங்களெல்லாம் சர்க்காருடையவை. அந்த ஆறு நாள் என்னுடையது. இளைய நண்பர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படிக்கலாம்.

சேர்க்கை நாளுக்கு முந்தின சாயங்காலம், அனுமதி வரவில்லை என்று சொல்ல நான் நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்குப் போனேன். அஞ்சம்மாளும் பிள்ளையும் ஏறிக்கொண்டார்கள். கலியபெருமாள் பிளாட்பாரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அஞ்சம்மாளைக் கூப்பிட்டு, அந்தத் தாளை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும் சார். டவாலி அன்னைக்கே சொன்னாரு” என்றார் அஞ்சம்மாள். திட்டுவார் என்று நின்றேன். அவருக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. “பிள்ளை முன்னாடி அந்தப் பேச்சு வேணாம். போலீசு விடலன்னு தெரிஞ்சா பயந்துக்குவா. பயந்தா நீலம் பூத்துடும். கருது அறுக்கணும், அதான் அப்பா வரலன்னு சொல்லியிருக்கோம். அவரு மேல கோவமா இருக்கா. இருக்கட்டும். கோவத்த அவ தாங்குவா சார், பயத்தத் தாங்க மாட்டா. கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க.”

ஒரு குடும்பம் தன் பிள்ளையின் மூச்சுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரித்து வைத்திருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். தகப்பன் மேல் கோபம் என்பது அவர்கள் கணக்கில் ஒத்துக்கொள்ளும் பொருள். கலியபெருமாள் அதற்கு உடன்பட்டுத்தான் அங்கே நின்றார்.

பிள்ளை என் வேட்டியையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள். “நீங்கதான் மிராசுதாரா?”

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். “ஆமாம்” என்றேன்.

“எங்கப்பாவ லீவு விடுங்க சார். ரெண்டே நாளு.”

“கருது முத்திப்போச்சே அம்மா” என்றேன். ஒரு சென்ட் நிலம் இல்லாத நான் மிராசுதாராக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதிலேயே ஒரு கூலியாளுக்கு லீவு மறுத்தாகிவிட்டது. ரயில் நகர்ந்தபோது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உதடு நீலமாகவில்லை. அஞ்சம்மாள் சொன்னது சரி.

ஆஸ்பத்திரியில் தகப்பனார் கையெழுத்து இல்லாமல் கத்தி வைக்க மாட்டோம் என்றார்கள். அஞ்சம்மாள், “கையெழுத்தத்தானே கேக்குறீங்க, ஆளக் கேக்கலையே. தாளைக் குடுங்க, போட்டு அனுப்பச் சொல்றேன்” என்றார். சம்மதப் படிவம் தபாலில் வந்தது. கலியபெருமாளுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். அதையும் காவல் நிலையத்தில் தினமும் போட்டுப் போட்டுத்தான் நன்றாக எழுதப் பழகியிருந்தார். அன்று காலை பத்து மணிக்கு நிலையப் பதிவேட்டில் ஒன்று, படிவத்தில் ஒன்று என இரண்டு கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு சப் இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டு நிலைய முத்திரையையும் குத்திவிட்டார். வட்ட முத்திரையைப் பார்த்த ஆஸ்பத்திரி அலுவலகம் இது போலீஸ் கேஸ் என்று முடிவு கட்டி, அவளைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி, வரிசையில் முன்னால் வைத்தது. சர்க்கார் செய்த தவறுகளில் அந்தக் குடும்பத்துக்கு உதவியது அது ஒன்றுதான்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று கலியபெருமாள் எங்கள் படியில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் இல்லை, படியில். உத்தரவு வராந்தாவுக்கு மட்டும்தான் என்று நான் சொல்லியிருந்தேன். அக்கா ராசாம்பாள் பக்கத்தில். மூன்றாம் நாள் காலை தந்தி வந்தது. பிழைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தாயும் மகளும் திரும்பினார்கள். கலியபெருமாளும் ராசாம்பாளும் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார்கள். ஊருக்குப் போகும் சாலையில் முப்பது அடி நடந்ததும் பெரியவர்கள் மூவரும் குந்திவிட்டார்கள். பழக்கம். பிள்ளை நடந்துகொண்டே இருந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, “எல்லாரும் ஏன் குந்திட்டீங்க? வாங்க” என்றாள். இதை எனக்குச் சொன்ன ராசாம்பாள், தனக்கு அன்று எழுந்திருக்கவே முடியவில்லை என்றும் அதற்கு முட்டி காரணமில்லை என்றும் சொன்னார்.

ஆனால் அவள் அப்பாவோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள், கேட்டால் அம்மாவிடம் பதில் சொல்வாள். “மிராசுதாரு விடலன்னா ஓடி வந்துருக்கலாம்ல. அவருக்குக் கருதுதான் பெருசு” என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொன்னார்கள். நம்பவில்லை. முன்பு ஒன்று சொன்னவர்கள் இப்போது வேறொன்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? நம் அலுவலகத்தில் நாமே நம்ப மாட்டோம்.

மழைக்காலம் வந்தது. அரசு நல்லெண்ணம் கொண்டு அறுவடை வழக்குகளைக் கைவிட்டது. பதினான்கு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். கலியபெருமாளின் மனு மட்டும் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. அனுமதி ஆணை ஆங்கிலத்தில் தயாராகி, கையெழுத்துக்குப் போன இடத்தில், ஆட்சிமொழி தமிழாயிருக்க ஆங்கிலத்தில் எழுதியது ஏன் என்று திரும்பி வந்து, மூன்று மாதம் செலவழித்துத் தமிழானது. தமிழுக்காக எல்லோரும் மேடையில் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த காலம். ஒரு கடிதம் மூன்று மாதம் கொடுத்தது பெரிதில்லை.

மறு தை பிறந்த பிறகு ஒரு நாள் காலைத் தபாலில் அது வந்தது. தலைமை எழுத்தர் படித்துவிட்டு, “பிரயோஜனமில்ல. கட்டி வச்சிடு” என்றார். நடைமுறைப்படி ஆணையின் ஒரு படியை மனுதாரருக்கு நேரில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். என்னை வினோதமாகப் பார்த்தார். என் வேலைக்காலத்தில் ஒரு விதியை நான் ஆசையோடு கடைப்பிடித்தது அன்றுதான். சைக்கிளை எடுத்தேன்.

“அம்மா, மிராசுதாரு சைக்கிள்ல வர்றாரு” என்ற குரல்தான் அந்தத் தெருவில் என்னை முதலில் வரவேற்றது.

கலியபெருமாளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படிக்கத் தெரியாத மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளை நோக்கி நீட்டினார். அவள் அவரைப் பார்க்காமல் வாங்கி, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தாள். “பொருள்... மனுதாரர் தம் மகள் தமிழரசியுடன் சென்னை சென்று... அறுவை சிகிச்சையின்போது... உடனிருக்க அனுமதி கோரியது... பார்வை... மனுதாரரின் மூன்று மனுக்கள்...”

நிறுத்தினாள். அத்தையிடம் கேட்கவில்லை. நேராக அவரிடமே கேட்டாள். “கோரியதுன்னா?”

“கேட்டதுன்னு அர்த்தம்.”

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“மூணு வாட்டியா?”

“எழுதிக் கேட்டது மூணு. சும்மா போய்க் கேட்டது தெனம்.”

அவள் மீதியைப் படிக்கவில்லை. ‘அனுமதி அளிக்கப்படுகிறது’ என்ற கடைசி வரிக்கு அந்த வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. கடிதத்தோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அஞ்சம்மாள் உள்ளே போய்விட்டார். நான் ஒப்புகைச் சீட்டை நீட்டினேன். கலியபெருமாள் பெயரை எழுதினார். ‘பெறப்பட்ட நாள்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மகளிடம் கொடுத்தார். அவள் என்னிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டு, கட்டத்தை விட்டு வெளியே போகாமல் எழுதினாள்: ஜனவரி 23, வியாழக்கிழமை.